தவணைக்கும் வாடகைக்கும் நடுவே: சென்னையில் முதல் வீடு

"வாடகையாக் கொடுக்கற காசை இ.எம்.ஐ.யாக் கட்டினா வீடு நமக்கே சொந்தமாயிடுமே?" சென்னையில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர் எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. மாமனார் கேட்பார், உடன் வேலை செய்பவர் கேட்பார், புரோக்கர் இதைத் தவிர வேறெதையும் கேட்க மாட்டார். கொஞ்ச காலமாக இதன் வாலில் இன்னொரு யோசனையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: "குடிபோக வேணாம், வாங்கிப் போட்டு வாடகைக்கு விடு, அதுவே கடனை அடைச்சிடும்." முதலாவது குடியிருப்பவரின் கணக்கு, இரண்டாவது முதலீட்டாளரின் கணக்கு. முதன்முறை வாங்குகிறவர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு கையெழுத்துப் போடுவதால்தான் பல முதல் வீடுகள் பாதி வீடாகவும் பாதி முதலீடாகவும் நின்றுவிடுகின்றன.

முதலில் ரூபாய்க் கணக்கு. மேடவாக்கம், மாம்பாக்கம் பக்கம் கட்டுமானத்தில் இருக்கும் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று 70 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கட்டி முடிந்து நிறைவுச் சான்றிதழ் வாங்கியிராத வீட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி., அதாவது 3.5 லட்சம். 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் புதிய அடுக்குமாடி வீடுகளின் நிலப்பங்கையும் கட்டடத்தையும் சேர்த்தே பதிய வேண்டும். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 7 சதவீதம். அது 4.9 லட்சம். ஆக, 70 லட்சம் வீட்டின் உண்மையான விலை 78.4 லட்சம். அலமாரி, மின்விசிறி, கதவுக்குக் கம்பிவலை என்று தொடரும் செலவை இதில் சேர்க்கவில்லை.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு வங்கி வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது. இவ்வளவு விலையுள்ள வீட்டுக்குப் பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கவும் கூடாது. எனவே கடன் 56 லட்சம், கைக்காசு 22.4 லட்சம். முதல் வீடு வாங்குபவர்களின் நகைகள் அடகுக் கடைக்குப் போவதும், அப்பாவின் ஓய்வூதியப் பணம் கரைவதும், ஆறு மாதச் செலவுக்கென்று வைத்திருந்த சேமிப்பு காலியாவதும் இந்த 22 லட்சத்தில்தான். வங்கி தராத பகுதியைத் தனிநபர் கடனாக வாங்கி நிரப்புபவர்களும் உண்டு. அதிக வட்டி ஒரு பக்கம், இரண்டு தவணைகள் இன்னொரு பக்கம். அப்படி நிரப்ப வேண்டியிருந்தால் அந்த வீடு அவருக்கு இப்போதைக்கு எட்டாத வீடு என்பதே என் கருத்து.

56 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 48,598 ரூபாய். முதல் மாதத் தவணையில் 39,667 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 8,931 மட்டும். அதே வீட்டுக்கு மாத வாடகை 20,000 வரும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். வட்டி மட்டுமே வாடகையைப் போல இருமடங்கு. வாடகை கடனை அடைக்கும் என்ற கூற்று இங்கேயே முடிந்துபோகிறது. ஆண்டு வாடகை 2.4 லட்சத்தை 78.4 லட்சத்தால் வகுத்தால் 3 சதவீதம் சொச்சம். சொத்து வரி, பராமரிப்பு, குடித்தனக்காரர் காலி செய்து அடுத்தவர் வரும்வரை பூட்டிக்கிடக்கும் மாதங்கள் எல்லாவற்றையும் கழித்தால் அதுவும் தேயும். வங்கி வைப்புத்தொகைகூட இதைவிட அதிகம் தரும்.

அப்படியானால் ஏன் வாங்குகிறார்கள்? விலை ஏறும் என்ற நம்பிக்கையில். நம்பிக்கை வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது எதன் மேல் வைத்த நம்பிக்கை என்று கேட்க வேண்டும். ஏறுவது நிலத்தின் விலை. கட்டடத்தின் விலை ஆண்டுக்காண்டு இறங்குகிறது: ஒழுகும் மாடி, துருப்பிடித்த குழாய், பழைய லிஃப்ட். அடுக்குமாடி வீட்டில் வாங்குபவருக்குச் சொந்தமாகும் நிலத்துக்குப் பத்திரத்தில் உள்ள பெயர் பிரிபடாத பாகம், பேச்சில் யு.டி.எஸ். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது சூப்பர் பில்டப் சதுர அடி, நீச்சல் குளம், ஜிம். யு.டி.எஸ். எவ்வளவு என்பதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

தி.நகரிலோ கே.கே.நகரிலோ முப்பது வருடத்துக்கு முந்தைய மூன்றுமாடிக் கட்டடங்களில் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு அறுநூறு சதுர அடி நிலப்பங்கு இருப்பது சாதாரணம். 2019ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் உயரமில்லாக் கட்டடங்களுக்கு, மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தின. உயரக் கட்டடங்களுக்கு அது 3.25. அதே மனையில் அதிக வீடுகள் எழும்பும்போது ஒவ்வொரு வீட்டுக்குமான நிலம் சுருங்குகிறது. பதினெட்டு மாடிக் கோபுரத்தில் ஆயிரம் சதுர அடி வீடு வாங்குபவருக்கு முந்நூறு சதுர அடி கிடைத்தாலே அதிகம். இருபது ஆண்டு கழித்து அவர் விற்கப்போவது அந்த முந்நூறு சதுர அடியையும் ஒரு பழைய கட்டடத்தையும்.

பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்கு முன்பெல்லாம் எல்லா உரிமையாளரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவிலிருக்கும் ஒருவர் பதில் போடாமல் இருந்தாலே திட்டம் நின்றுவிடும். 2024ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடி உடைமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் போதும் என்று ஆக்கியிருக்கிறது. நிலப்பங்கு நிறைய உள்ள பழைய ஃபிளாட்டுகளை மறுவிற்பனையில் வாங்குவது முதல் வீட்டுக்காரருக்கு நல்ல வழி என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஜி.எஸ்.டி. கிடையாது, அக்கம்பக்கம் யாரென்று தெரியும், மழைக்காலத்தில் போய்ப் பார்க்கலாம், வாடகை எவ்வளவென்று எதிர்வீட்டில் கேட்கலாம். குறை என்னவென்றால், பதிவுச் செலவு 9 சதவீதம் ஆகலாம், மிகப் பழைய கட்டடத்துக்கு வங்கி கடன் காலத்தைக் குறைக்கும்.

கடனைப் பற்றி இன்னும் கொஞ்சம். 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. கொரோனா காலத்தில் ரெப்போ 4 சதவீதத்துக்கு வந்தபோது 6.75 சதவீதத்துக்கே கடன் கிடைத்தது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.5 ஆனது. 6.75 சதவீதத்தில் 56 லட்சம் வாங்கியவரின் தவணை 42,580. வட்டி 9.25 ஆனபின் ஒரு மாத வட்டியே 43,167. தவணை வட்டிக்குக்கூடப் போதவில்லை. வங்கிகள் பலருக்கும் தவணையை ஏற்றாமல் ஆண்டுகளை நீட்டின. இருபது வருடக் கடன் ஓய்வு வயதையும் தாண்டிப் போனது பலருக்கு வங்கி அறிக்கையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடனாளியைக் கேட்க வேண்டும் என்றது. 2025ல் விகிதம் மறுபடி இறங்கியது. இறங்கும் காலத்தில் கடன் வாங்குபவர், அது ஏறினால் என்ன ஆகும் என்ற தொகையையும் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. தனிநபருக்கு மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. போனஸ் வரும் மாதமெல்லாம் அசலில் கொஞ்சம் போட்டால் அதன் பலன் எந்த வரிச்சலுகையையும்விடப் பெரிது.

வரிச்சலுகை என்றதும் பில்டர் காட்டும் அட்டவணை பெரும்பாலும் பழைய முறைக்கானது. குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு என்பது பழைய வரிமுறையில்தான் உண்டு. இப்போது இயல்பாக வரும் புதிய முறையில் அது இல்லை. வாடகைக்கு விட்டால் வாடகையில் 30 சதவீதமும் கட்டிய வட்டியும் கழியும், ஆனால் அதில் விழும் நட்டத்தைச் சம்பளத்தோடு ஈடுகட்ட முடியாது. மத்திய அரசின் வட்டி மானியம் ஒன்று உண்டு: ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், அதிகபட்சம் 1.8 லட்சம் ரூபாய், நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக்கூடாது. சென்னை எல்லைக்குள் 35 லட்சத்துக்கு வீடு தேடுவது தனிக் கதை.

ஃபிளாட்டையே சுற்றிக்கொண்டிருந்தால் இந்த ஊரின் பழைய வழக்கம் மறந்துபோகும். குரோம்பேட்டை, கொரட்டூர், அம்பத்தூர் தெருக்களில் நடந்தால் தெரியும்: கீழே உரிமையாளர் குடும்பம், மாடியில் ஒரு போர்ஷன், வெளிப்பக்கப் படிக்கட்டு. வங்கி குமாஸ்தாவும் ரயில்வே ஊழியரும் அரைக் கிரவுண்டு மனையில் முதலில் தரைத்தளம் கட்டினார்கள். மகளின் கல்யாணம் முடிந்தபின் மாடி எழும்பியது. மாடி வாடகை ஓய்வூதியத்தோடு சேர்ந்து வீட்டை நடத்தியது. முதலீடு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை, ஆனால் முதல் வீட்டிலிருந்தே வருமானம் பார்க்கும் முறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. திருப்பூரில் இதன் இன்னொரு வடிவம் லைன் வீடு: பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்காக ஒரே வரிசையில் கட்டிய சிறு வீடுகள், பொதுக் கழிப்பறை, ஒரு தண்ணீர்த் தொட்டி. போட்ட பணத்துக்கு வருமானம் அதிகம், வசதி குறைவு. அதில் குடியிருப்பவர் பக்கமிருந்து பார்த்தால் அந்த வருமானம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

போர்ஷன் வீட்டுக்கும் ஒரு கணக்கு போடலாம். புறநகரில் 1,200 சதுர அடி மனை, சதுர அடி 3,500 என்றால் 42 லட்சம். இரண்டு தளமாக 1,600 சதுர அடி, கட்டுமானச் செலவு 2,300 வீதம் 36.8 லட்சம். மனைப் பதிவுக்கு 9 சதவீதம், 3.78 லட்சம். மொத்தம் 82.6 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. முன்சொன்ன ஃபிளாட்டைவிட நான்கு லட்சம்தான் கூடுதல். மாடியில் 12,000 வாடகை வந்தால், தான் கொடுத்துவந்த வாடகையும் மிச்சமாகும், தவணையில் கிட்டத்தட்ட கால்வாசிக்கு உதவியும் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேல், நிலம் முழு 1,200 சதுர அடி. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை இரண்டு தளம் கட்டுவதற்குச் சுயசான்று முறையில் இணையத்தில் உடனடி அனுமதி கிடைக்கிறது. ஆனால் கட்டுவது இன்னொரு முழுநேர வேலை. மேஸ்திரியின் பின்னால் ஒரு வருடம் அலைய முடியாதவருக்கு இது ஒத்துவராது. அலுவலகம் சோழிங்கநல்லூரிலும் மனை திருநின்றவூரிலும் இருந்தாலும் ஒத்துவராது.

வெறும் மனை வாங்கிப் போடுவது மூன்றாவது வழி. காலை நேரத் தொலைக்காட்சியில் சின்னத்திரை நடிகர்கள் சவுக்குத் தோப்புக்கு நடுவே நின்று விற்ற மனைகளை மறந்திருக்க முடியாது: இலவச வேன், மதியச் சாப்பாடு, முன்பதிவு செய்தால் தங்கக் காசு. அவற்றில் எத்தனையோ அங்கீகாரம் இல்லாதவை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியத் தடை விதித்தபோது லட்சக்கணக்கானோரின் பணம் முடங்கியது. 2017ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்த வழி திறந்தது. நகரமைப்பு அமைப்புகளான சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. தந்த அங்கீகார எண் இல்லாத மனைக்கு வங்கிக் கடன் கிடைக்காது. கடன் கிடைக்காத மனை மலிவாகத் தெரிவதற்குக் காரணமும் அதுவே. மனைக்கு வாடகையும் வராது. வேலி போடாவிட்டால் பக்கத்து மனைக்காரரின் சுவர் மெல்ல உள்ளே வரும்.

இனி காகிதம். முதன்முறை வாங்குபவர் அதிகம் ஏமாறும் இடம் விலையில் இல்லை, இங்கேதான். "பேங்க் லோன் கொடுக்குது சார், அப்புறம் என்ன?" என்பது புரோக்கரின் கடைசி அஸ்திரம். வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் கடன் திரும்புமா என்பதை. வாங்குபவர் தனக்கென்று ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டால் ஆகும் சில ஆயிரம் ரூபாய், 22 லட்சத்துக்கு முன் ஒன்றுமே இல்லை.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் 1975 வரை பின்னோக்கி இலவசமாகவே பார்க்கலாம். அதில் வருவது பதிவான பரிவர்த்தனை மட்டும். பதியாத உயில், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பங்கு, நீதிமன்றத்தில் கிடக்கும் வழக்கு இவையெல்லாம் அதில் தெரியாது. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய விற்பனையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று ஒவ்வொரு பத்திரமாகப் படிக்க வேண்டும். சங்கிலி பெரும்பாலும் அறுபடும் இடம் மகள்கள். தந்தை உயில் எழுதாமல் இறந்திருப்பார். மகன்கள் மூவரும் கையெழுத்திட்டு விற்றிருப்பார்கள். திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்ட அக்காவின் கையெழுத்து இருக்காது. தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே சம பங்கு உண்டு. பரம்பரைச் சொத்தில் தமிழ்நாடு 1989லேயே மணமாகாத மகள்களுக்குப் பங்கு தந்தது. 2005ல் மத்திய சட்டம் எல்லா மகள்களுக்கும் தந்தது. மகளுக்கு அது பிறப்புரிமை, தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் பத்திரத்தில் ஒரு கையெழுத்து இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதைவிடப் பயனுள்ள ஆய்வு வேறில்லை.

பட்டா விற்பவர் பெயரில் இருக்க வேண்டும். அளவு வரைபடத்தோடு நேரில் போய்ச் சர்வேயரை வைத்து அளக்க வேண்டும். கோயில் நிலம், வக்ஃபு நிலம், பஞ்சமி நிலம், நகர்ப்புற நில உச்சவரம்பில் எடுக்கப்பட்ட நிலம் இவற்றைத் தவிர்க்க இது உதவும். பவர் பத்திரத்தை மட்டும் கையில் வைத்து விற்பவரிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்பதுவரை விசாரிக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுமனைத் துறை ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா வந்தபின் புதிய திட்டங்களில் நிலைமை மேம்பட்டிருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் தனிக்கணக்கில் இருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம் பதியாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கட்டமைப்புக் குறைபாட்டுக்கு ஐந்து ஆண்டு பொறுப்பு. இவ்வளவுக்குப் பிறகும் "ப்ரீ-லாஞ்ச் விலை, அடுத்த வாரம் ஏறிடும்" என்று பதிவெண் இல்லாத திட்டத்துக்குப் பணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். ரெராவுக்கு முன், 2014 ஜூனில், சென்னைப் புறநகரான மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கட்டடத் தொழிலாளர்கள். மண் ஆய்வு என்ற சொல்லைச் சென்னை வீட்டுச் சந்தை கற்றுக்கொண்டது அந்த இடிபாட்டிலிருந்து.

தண்ணீரை விட்டுவிட்டு இந்த ஊரில் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. அது இரண்டு விதமாகவும் விலையைத் தின்னும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் நாட்கணக்கில் நீர் வடியவில்லை. நடுவே 2019 கோடையில் ஓ.எம்.ஆர். குடியிருப்புகள் லாரித் தண்ணீரை நம்பியே நாட்களைத் தள்ளின. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் புதிய கட்டுமான அனுமதிகளை நிறுத்தி வைக்கும்படி 2025ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. வாடகைக்கு வருபவர் ஒரு மழைக்காலத்தில் கஷ்டப்பட்டால் அடுத்த மாதம் காலி செய்துவிட்டுப் போவார். உரிமையாளரால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வீட்டைப் பார்க்கச் செல்வதற்கு ஏற்ற மாதம் நவம்பர். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் வெள்ளம் எதுவரை வந்தது என்று சுவரில் கை வைத்தே காட்டுவார்.

மெட்ரோ வரும், விமான நிலையம் வரும் என்பதை வைத்துச் சொல்லப்படும் விலையில் அந்த வருகை ஏற்கெனவே கலந்திருக்கும். பரந்தூரில் வரும் என்று சொல்லப்படும் விமான நிலையத்தை நம்பி அதன் சுற்றுவட்டாரத்தில் மனை வாங்குபவர் வாங்குவது ஓர் அரசு அறிவிப்பை. மாறாக, கட்டி முடியும் கட்டத்துக்கு வந்துவிட்ட மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள பழைய ஃபிளாட்டுக்கு வாடகைக்காரர் கிடைப்பது உறுதி.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது: முதல் வீடு வாங்குபவர் தான் குடியிருக்கச் சம்மதிக்கும் வீட்டையே வாங்க வேண்டும், அது வேலை மாறி வேறு ஊருக்குப் போனால் ஒரே மாதத்தில் வாடகைக்குப் போகும் வீடாகவும் இருக்க வேண்டும். வாடகைக்கென்றே வாங்குவதை இரண்டாம் வீட்டுக்குத் தள்ளிப் போடலாம். முதலில் குடியிருந்தவருக்கு எந்தக் குழாய் அடைக்கும், எந்த அறை வெயிலில் தகிக்கும் என்று தெரிந்திருக்கும். வாடகை ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும் என்பது 2019ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம். ஆனாலும் சென்னையில் பதினொரு மாத ஒப்பந்தமும் பத்து மாத முன்பணமும் இன்னும் போகவில்லை.

அந்த இரண்டாம் வீடு எப்போது? 56 லட்சக் கடனில் பத்து ஆண்டு தவறாமல் கட்டினால் போன பணம் 58.3 லட்சம், பாக்கி அசல் 39.2 லட்சம். பாதிக் காலம் முடிந்தும் அசலில் பத்தில் ஏழு பங்கு அப்படியே நிற்கும். இதை அறியாமல் ஐந்தாம் வருடத்தில் இரண்டாவது கடனுக்குப் போகிறவர்களே பின்னர் இரண்டையும் அவசரமாக விற்கிறார்கள். அவசரமாக விற்கும் வீடு சந்தை விலைக்குப் போகாது. நல்ல விலைக்கு வாங்குபவர் கிடைத்து, அவர் கடன் ஒப்புதல் பெற்று, பதிவு முடிய ஆறு மாதம்கூட ஆகும். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. 2024 ஜூலை 23க்குப் பிறகு வாங்கியவருக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. 78.4 லட்சத்துக்கு வந்த வீட்டை ஏழு வருடம் கழித்து ஒரு கோடிக்கு விற்றவர் தெருவெல்லாம் லாபம் என்று சொல்வார். அதற்குள் அவர் கட்டிய வட்டி மட்டும் 30 லட்சத்துக்கு மேல்.